தயிர் இல்லாத வார நாட்கள்: வேலைக்குச் செல்வோருக்கான வீகன் சமையல் வழிகாட்டி

காலை எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பி இரவு எட்டு மணிக்கு மேல் திரும்புகிறவர்களுக்குத் தமிழ்நாட்டுச் சமையலறையில் கடைசித் துணையாக இருந்துவருவது தயிர்சாதம். குழம்பு வைக்க நேரம் இல்லை, காய் நறுக்கத் தெம்பு இல்லை என்றாலும், சோற்றைப் பிசைந்து தயிரை ஊற்றி ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் ஒரு வேளை கழிந்துவிடும். பால், தயிர், நெய், தேன் உள்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சேர்க்காத வீகன் உணவுக்கு மாற விரும்புகிறவர்கள் பலர் இரண்டாவது வாரத்திலேயே பின்வாங்குவதற்குப் பாலோ நெய்யோ காரணமாக இருப்பது குறைவு. அடுப்பை மூட்டாமலே கிடைத்துவந்த அந்த ஒரு வேளைச் சாப்பாடு கைவிட்டுப் போவதே பெரும்பாலும் காரணம்.

நம் வீட்டுச் சமையலில் முக்கால் பங்கு ஏற்கெனவே வீகன்தான். இட்லி, சாம்பார், ரசம், பொரியல், கூட்டு, சுண்டல், அடை, புளியோதரை ஆகியவற்றில் நெய்யைத் தவிர்த்தால் விலங்கிலிருந்து வரும் பொருள் ஒன்றும் இல்லை. ஆகவே புதிய உணவுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாதாம் பாலும், இறைச்சியைப் போலச் செய்து உறையவைத்து விற்கப்படும் பண்டங்களும் விலை அதிகம். வார நாள் சாப்பாட்டுக்கு அவை தேவையும் இல்லை. செய்ய வேண்டியவை இரண்டு: ஊறவைத்தல், அரைத்தல், வேகவைத்தல் என்று நேரத்தை விழுங்கும் வேலைகளை வாரத்தில் ஒரு நாளுக்கு மாற்றுவது, பாலும் தயிரும் உடலுக்குக் கொடுத்துவந்தவற்றை வேறு வழியில் ஈடுகட்டுவது.

முதல் படி: அலமாரியைப் பார்த்தல்

எண்ணெய்த் தாளிப்பு, தேங்காய்ச் சட்னி, பருப்பு வகைகள் ஆகியவற்றில் சிக்கல் இல்லை. பால் ஒளிந்திருக்கும் இடங்கள் வேறு. மோர் மிளகாய் தயிரிலோ மோரிலோ ஊறவைத்துக் காயவைக்கப்படுவது. ரவா இட்லி மாவுப் பொட்டலங்களிலும் உடனடி சூப் பொட்டலங்களிலும் மோர்த்தூளோ பால் திடப்பொருளோ இருக்கக்கூடும். பிஸ்கட், ரொட்டி, சாக்லேட் ஆகியவற்றின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கக் கூடாது. தேனும் வீகன் உணவில் சேராது. அதற்குப் பதிலாக வெல்லப்பாகோ நாட்டுச் சர்க்கரையோ போதும்.

பொட்டலத்தில் உள்ள பச்சை வட்டக் குறியை மட்டும் நம்பக் கூடாது. அது சைவம் என்பதற்கான குறி. பாலும் தேனும் சேர்ந்த உணவுக்கும் அதுவே போடப்படும். வீகன் உணவுகளுக்கென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ஆம் ஆண்டில் தனி விதிமுறைகளை வெளியிட்டது. ஆங்கில ‘வி’ எழுத்தும் இலையும் கொண்ட பச்சைச் சின்னம் அதன்படி வந்ததே. அந்தச் சின்னம் இல்லாத பொருள் எல்லாம் வீகன் அல்ல என்று பொருளில்லை. உள்ளூர் அப்பளத்திலும் மரச்செக்கு எண்ணெயிலும் அதை எதிர்பார்க்க முடியாது. அங்கெல்லாம் சேர்பொருள் பட்டியலைப் படிப்பதே வழி.

இரண்டாம் படி: ஞாயிற்றுக்கிழமை வேலை

சனிக்கிழமை இரவு படுக்கும் முன் மூன்று பாத்திரங்களில் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, தோல் நீக்காத நிலக்கடலை ஆகியவற்றை ஒவ்வொரு டம்ளர் ஊறவைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் இட்லி அரிசி நான்கு பங்குக்கு உளுந்து ஒரு பங்கும் ஒரு தேக்கரண்டி வெந்தயமும் ஊறப்போட்டால், மதியத்துக்குள் அரைக்கலாம். இந்த நான்கு மணி நேர இடைவெளியில்தான் மற்ற வேலைகள் எல்லாம் முடிகின்றன. அடுப்பருகே நிற்க வேண்டியது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

கொண்டைக்கடலையை உப்புப் போட்டுக் குக்கரில் ஆறேழு விசில் வேகவைத்து, ஆறியதும் ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்துவிடலாம். பச்சைப்பயற்றை வடித்து ஈரத்துணியில் முடிந்து வைத்தால் மறுநாள் முளை விட்டுவிடும். துவரம்பருப்பை மட்டும் வாரம் முழுவதற்கும் வேகவைத்து வைக்கக் கூடாது. வெந்த பருப்பு குளிர்பெட்டியில் மூன்று நாள் நன்றாக இருக்கும், அதற்குப் பிறகு மணமும் சுவையும் மாறும். ஆகவே ஞாயிறு ஒரு முறை, புதன் இரவு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது நல்லது. இராஜ்மா பயன்படுத்துகிறவர்கள் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் நன்கு கொதிக்கவிட்டு வேகவைக்க வேண்டும். அரைவேக்காட்டு இராஜ்மா வயிற்றைக் கெடுக்கும்.

அடுத்தது பருப்புப் பொடி. ஒரு டம்ளர் துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, அரை டம்ளர் பொட்டுக்கடலை, எட்டுக் காய்ந்த மிளகாய், ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை ஆகியவற்றையும் தனித்தனியாகச் சூடேற்றி, உப்பும் பெருங்காயமும் சேர்த்துப் பொடிக்க வேண்டும். கறிவேப்பிலை கையில் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருப்பது முக்கியம்; ஈரம் இருந்தால் பொடி ஒரே வாரத்தில் சிக்கு வாடை அடிக்கும். சூடான சோற்றில் இந்தப் பொடியைப் போட்டு நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைவது ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பழைய வழக்கமே. நெய் இல்லாத குறை இதில் தெரிவதில்லை.

புளிக்காய்ச்சல் இன்னொரு சேமிப்பு. நூறு கிராம் புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொண்டு, தாராளமாக நல்லெண்ணெயில் கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கரைசலையும் மஞ்சள்தூளையும் உப்பையும் சேர்த்து, எண்ணெய் மேலே பிரிந்து வரும்வரை கொதிக்கவிட வேண்டும். இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டியும், கொட்டைப்பாக்களவு வெல்லமும், பெருங்காயமும் சேரும். எண்ணெய் பிரிவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிட்டால் பச்சைப் புளியின் காட்டம் போகாது, நாட்பட இருக்கவும் இருக்காது. சரியாகக் காய்ச்சியது குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரம் தாங்கும்.

இரண்டு தேங்காயைத் துருவிச் சிறு பொட்டலங்களாக உறையவைப்பதும், பூண்டை உரித்து வைப்பதும், கீரையை ஆய்ந்து தாளில் சுற்றி வைப்பதும் சின்ன வேலைகள்தான். ஆனால் வார நாள் இரவில் மனிதர்களைச் சமையலறையிலிருந்து கைபேசி உணவுச் செயலிக்குத் துரத்துபவை இவைதான்.

மூன்றாம் படி: தயிருக்கு மாற்று

நிலக்கடலைத் தயிர் செய்யக் கற்றுக்கொண்டால் வீகன் வாழ்க்கையின் பெரிய தடை நீங்கிவிடும் என்பது என் கருத்து. கடையில் கிடைக்கும் சோயாத் தயிரும் முந்திரித் தயிரும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் தினம் வாங்கினால் மாதக் கணக்கில் கட்டுப்படியாகாது.

இரவெல்லாம் ஊறிய ஒரு டம்ளர் நிலக்கடலையைக் கையால் கசக்கித் தோலை நீக்கி, மிக்ஸியில் முதலில் சிறிது தண்ணீர் விட்டு வெண்ணெய் போல அரைக்க வேண்டும். பிறகு மேலும் தண்ணீர் விட்டு, மொத்தம் மூன்று டம்ளர் அளவுக்கு வரும்படி ஓட்டி, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்ட வேண்டும். இந்தப் பாலைச் சிறு தீயில் பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். மாட்டுப் பாலைவிட இது விரைவில் அடிப்பிடிக்கும். ஆகவே கரண்டியை எடுக்காமல் கிளறிக்கொண்டே இருப்பது அவசியம். மேலே படியும் நுரையை வழித்து எடுத்துவிட்டால் பச்சை வாடை குறைகிறது.

விரலை விட்டால் இதமான சூடாக இருக்கும் பதத்தில் உறை ஊற்ற வேண்டும். முன்பு செய்த தயிர் இரண்டு தேக்கரண்டி இருந்தால் அதுவே போதும். முதல் முறையாக இருந்தால் பச்சை மிளகாயின் காம்புகளை, அடியில் உள்ள பச்சைத் தொப்பியோடு, பத்துப் பதினைந்து கிள்ளிக் கழுவிப் பாலில் அமிழ்த்தி, வெதுவெதுப்பான இடத்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மூடி வைக்க வேண்டும். சென்னை வெயிலில் எட்டு மணி நேரமே மிகுதி; மார்கழியில் சற்று நேரம் எடுக்கும். முதல் உறை தளதளவென்று, நீர் பிரிந்து நிற்கும். இரண்டாம் முறை அதிலிருந்தே உறை ஊற்றினால் கெட்டிப்படும். புளிப்பு மணம் அன்றி வேறு துர்வாடை வந்தாலோ, நிறத் திட்டுகள் தெரிந்தாலோ, நூல் நூலாக வழவழத்தாலோ தயங்காமல் கொட்டிவிட வேண்டும். நல்ல தயிரைக் குளிர்பெட்டியில் வைத்து மூன்று நான்கு நாளுக்குள் முடித்துவிடலாம்.

வெறும் தயிராகக் குடித்தால் கடலை வாசம் தெரியத்தான் செய்யும். குழைய வடித்த சோற்றில் இதை ஊற்றி, உப்புப் போட்டு, கடுகு, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டி, மாதுளை முத்தோ துருவிய மாங்காயோ சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் அந்த வாசம் பின்னுக்குப் போய்விடுகிறது. பிழிந்தெடுத்த சக்கையை எறிய வேண்டாம்; அடை மாவிலோ பீன்ஸ் பொரியலிலோ தேங்காய்த் துருவலைப் போலக் கலந்துவிடலாம். இதற்கும் நேரமில்லாத நாளில் கெட்டித் தேங்காய்ப்பாலைச் சோற்றில் விட்டு, உப்பும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் சேர்த்துத் தாளித்துக்கொள்ளலாம். தயிர்சாதம் என்று அதைச் சொல்ல முடியாது என்றாலும் பசிக்கு நன்றாகவே ஈடுகொடுக்கும்.

நான்காம் படி: காலை, பத்து நிமிடம்

மாவு இருக்கும் நாட்களில் இட்லியும் பொடியும் போதும். மாவு தீர்ந்த நாளுக்குப் பச்சைப்பயறு தோசை இருக்கிறது. இரவு ஊறவைத்த பயற்றை ஒரு கைப்பிடி அரிசியுடன் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம் சேர்த்து மிக்ஸியில் அரைத்து, புளிக்கவிடாமல் அப்படியே வார்க்கலாம்.

சிவப்பு அவலைக் கழுவிப் பத்து நிமிடம் ஊறவைத்தால், அதற்குள் வெங்காயத்தையும் கேரட்டையும் வதக்கி முடித்திருக்கலாம். மேலே முளைப்பயறும் எலுமிச்சைச் சாறும் சேர்த்தால் அது முழுமையான சிற்றுண்டி. வெயில் காலத்தில் பழைய சோறுதான் இவை எல்லாவற்றுக்கும் மேல்: இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் உப்பும் சின்ன வெங்காயமும் மட்டும் சேர்த்துச் சாப்பிட்டால் மோர் இல்லாத குறையே தெரியாது. இரவில் ஊறும்போதே வந்த இலேசான புளிப்பு அதில் இருக்கிறது. துணைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் இருக்கட்டும். தனிச் சோறு பதினோரு மணிக்கே பசியை எழுப்பிவிடும்.

காபி பற்றி ஒரு சொல். சோயாப் பாலில் சூடான டிக்காஷனை ஒரேயடியாகக் கொட்டினால் திரிந்துபோவது வழக்கம். பாலைத் தனியாகச் சூடாக்கிக்கொண்டு டிக்காஷனைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் பெரும்பாலும் திரியாது. ஓட்ஸ் பால் இந்த வகையில் இன்னும் பொறுமைசாலி. சுக்கு காபிக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை.

ஐந்தாம் படி: மதிய டப்பா

டப்பாவில் சோறு, பருப்பு வகை, காய் மூன்றும் இருக்க வேண்டும் என்பதே கணக்கு. புளியோதரை மட்டும் எடுத்துப் போவது வேகமானதுதான், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கூடவே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலை வைத்தால் சரியாகிவிடும்.

வாரத்தில் இரண்டு நாள் மீல்மேக்கர் புலாவ் செய்யலாம். இதைச் சரியாகச் செய்தவர்கள் குறைவு. பலருக்கு இதன் வாடையே பிடிக்காமல் போனதற்குக் காரணம் பிழியாமல் போடுவதுதான். ஒரு கைப்பிடி மீல்மேக்கரை உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, குளிர்ந்த நீரில் அலசி, நுரையும் மஞ்சள் நீரும் நிற்கும்வரை இரண்டு மூன்று முறை இரு உள்ளங்கைகளுக்கிடையே அழுத்திப் பிழிய வேண்டும். குக்கரில் எண்ணெய் விட்டுப் பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, புதினா வதக்கி, மீல்மேக்கரைப் போட்டு மசாலா ஏறும்வரை மூன்று நான்கு நிமிடம் பிரட்ட வேண்டும். பிறகு பீன்ஸ், கேரட், பட்டாணியும், ஊறிய அரிசி ஒரு டம்ளரும், தண்ணீரும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து இரண்டு டம்ளரும் விட்டு இரண்டு விசில். வழக்கமாக ஊற்றும் தயிருக்குப் பதில் கூடுதலாக ஒரு தக்காளியும் இறக்கியபின் அரை மூடி எலுமிச்சையும் போதும்.

கட்டிச் செல்லும் சோறு ஆறிய பிறகே டப்பாவை மூட வேண்டும். இரவு வடித்த சோற்றை மறுநாள் கலந்த சாதமாக்க நினைத்தால், அதை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவிட்டுக் குளிர்பெட்டிக்கு மாற்ற வேண்டும். வெளியிலேயே கிடந்த சோற்றில் பெருகும் நுண்ணுயிர்களின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை.

ஆறாம் படி: இரவு, இருபது நிமிடம்

வெந்த பருப்பு குளிர்பெட்டியில் இருந்தால் கீரைக் கடையல் பத்து நிமிடத்தில் தயார். உறையவைத்த கொண்டைக்கடலையை வெங்காயம், தக்காளி, குழம்புப் பொடியுடன் கொதிக்கவிட்டு, இறக்கும் நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றினால் இட்லிக்கும் சப்பாத்திக்கும் பொருந்தும் குழம்பாகிறது. ஊற்றியபின் கொதிக்கவிடாமல் இறக்கிவிட வேண்டும். தோஃபுவை (சோயாப் பன்னீர்) கையால் உதிர்த்து மஞ்சள், மிளகு, வெங்காயத்துடன் வதக்கினால் அடைக்கும் தோசைக்கும் நல்ல துணை. சமைக்கவே முடியாத இரவுக்குப் பொடிச் சோறும் நிலக்கடலைத் தயிர்ச் சோறும் இருக்கின்றன.

ஏழாம் படி: பால் கொடுத்ததை ஈடுகட்டுதல்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமாகப் படிக்கக் கூடாது. முதலில் பி12. தாவர உணவிலிருந்து நம்பத்தகுந்த அளவில் இந்த வைட்டமின் கிடைப்பதில்லை. பழைய சோற்றிலோ இட்லி மாவிலோ சுருள்பாசியிலோ (ஸ்பைருலினா) இருக்கிறது என்று சொல்வதை நம்பி இருந்துவிடக் கூடாது. உடல் சேமித்து வைத்திருப்பது சில ஆண்டுகள்வரை தாக்குப்பிடிப்பதால் குறைபாடு உடனே தெரியாது. கை கால் மரத்துப்போதல், தளர்ச்சி, மறதி என்று வெளிப்படும்போது நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். மாத்திரையாகவோ, செறிவூட்டிய உணவாகவோ இதை எடுத்தே ஆக வேண்டும். அளவை மருத்துவரிடம் கேட்டு, ஆண்டுக்கொரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மருந்தே பி12 அளவைக் குறைக்கும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

புரதம் பற்றிய அச்சம் தேவையில்லை, கணக்கு மட்டும் தேவை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம், அதாவது 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 50 கிராம் வேண்டும். 50 கிராம் பருப்பில் ஏறத்தாழ 11 கிராம், 25 கிராம் மீல்மேக்கரில் 12 கிராம், 30 கிராம் நிலக்கடலையில் 7 கிராம் கிடைக்கும். மீதி அரிசி, கேழ்வரகு, சுண்டல் ஆகியவற்றிலிருந்து வந்துவிடும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகை மிஞ்சிய தானியம் இல்லை. 100 கிராமில் சுமார் 350 மி.கி. உண்டு. முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, எள் ஆகியவையும் உதவும். பசலையிலும் அது இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதை உடலில் அதிகம் சேரவிடாது. ஒரு நாளுக்கான 1000 மி.கி. அளவை எட்ட, கேழ்வரகும் கீரையும் எள்ளுப்பொடியும் தினசரிப் பட்டியலில் இருக்க வேண்டும். இரும்புச் சத்துக்குக் கீரையோடும் பயறோடும் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்வது நல்லது. காபி, டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்க வேண்டும். பெண்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்துப்பு நல்லது என்று கேள்விப்பட்டு அயோடின் உப்பை நிறுத்திவிடுவது தவறு. வைட்டமின் டி3 மாத்திரைகள் பெரும்பாலும் ஆட்டு ரோமக் கொழுப்பிலிருந்து வருகின்றன. பாசிக்காளானிலிருந்து (லைக்கன்) எடுத்த டி3-யோ, டி2-வோ கேட்டு வாங்கலாம். கருவுற்றிருப்பவர்களும் குழந்தைகளுக்குத் தர நினைப்பவர்களும் உணவியல் வல்லுநரைக் கலக்காமல் தொடங்கக் கூடாது.

எட்டாம் படி: வெளியில் சாப்பிடும்போது

உணவகத்தில் வெண்பொங்கல் நெய்யில்லாமல் வருவது அரிது. பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம். குருமாவில் தயிரோ கிரீமோ சேர்ப்பவர்கள் உண்டு. ரவா தோசையில் மோர் விடும் இடங்களும் உள்ளன. இட்லி, சாதா தோசை, வடை, பூரிக்கிழங்கு ஆகியவை பெரும்பாலும் பாதுகாப்பானவை, ஆனால் “தோசைக்கு நெய் வேண்டாம், எண்ணெய் விட்டுப் போடுங்கள் அண்ணே” என்று சொல்லிவிடுவது நல்லது. “வீகன்” என்று சொன்னால் பரிமாறுகிறவர் விழிப்பார். “பால், தயிர், நெய் எதுவும் சேராது” என்றால் உடனே புரிந்துகொள்வார்.

கல்யாணப் பந்தியில் பருப்பு விழுந்த கையோடு நெய்க் கிண்ணம் வந்துவிடும். பருப்பு விழும்போதே இலைமேல் கையை மறித்தால்தான் தப்பலாம். பாயசத்தைக் கேட்டுவிட்டே வாங்க வேண்டும்: பருப்புப் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் விடும் வீடுகளிலும் முந்திரியை நெய்யில்தான் வறுப்பார்கள். மோருக்கு முன்னால் ரசத்தை இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சோற்றை முடித்துக்கொண்டால், பந்தியில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய அவசியம் நேராது.